காவலும் கூற்றும்
ஆட்டிசம் உடையோரின் உடன்பிறந்தார் குறித்த ஓர் இலக்கிய நோக்கு



அகப்பாடலில் யார் யார் பேசலாம் என்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் வரையறுத்துக் கூறுகின்றது. களவில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி ஆகிய அறுவர்க்குக் கூற்று உண்டு. கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை முதலியோரும் அவர்களோடு சேர்வர். ஊரார், அயலார், சேரியோர், நோயின் தன்மை அறிவோர், தந்தை, தன்னை ஆகியோர்க்கோ நேர்க்கூற்று இல்லை. இவர்கள் இன்னது சொன்னார்கள் என்று பிறர் எடுத்து மொழியலாம். இவர்களே முன்வந்து பேசும் பாடல் இல்லை.

'தன்னை' என்பது தமையனைக் குறிக்கும் பழஞ்சொல். தமையன்மார் அகப்பாடல்களில் இடம்பெறாமல் இல்லை. தலைவியின் வீட்டைக் காத்து நிற்பவர்களாக, தோழியின் பேச்சில் அச்சத்தோடு சுட்டப்படுபவர்களாக அவர்கள் வருகின்றனர். அவர்கள் என்ன நினைத்தார்கள், இரவெல்லாம் விழித்திருந்து காத்தபோது அவர்தம் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் பாடல்கள் சொல்வதில்லை. காவல் அவர்களுக்கு உரியது. கூற்று அவர்களுக்கு உரியதன்று.

இவ்விதி அக மரபுக்கென ஏற்பட்டது. ஆயினும் இக்காலத்துக் குடும்பம் ஒன்றின் நிலையை விளக்க இதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடைப்பது அரிது. ஆட்டிசம் உடைய குழந்தை பிறந்த வீட்டில் அக்குழந்தையின் அக்காள், அண்ணன், தங்கை, தம்பி ஆகியோர் எந்நிலையில் வளர்கின்றனர்? வளர்ந்து ஆளான பின் அவர்தம் வாழ்க்கை எவ்வாறு அமைகின்றது? அதை யார் எழுதியிருக்கின்றனர்? இவ்வினாக்களை இரண்டு எழுத்தாளர் குடும்பங்களின் நூல்களைக் கொண்டும் சில ஆய்வு முடிவுகளைக் கொண்டும் நோக்குவது இவ்வுரையின் எல்லையாகும்.

நோயறிவோரின் முதற்கூற்று

ஆட்டிசம் என்னும் சொல் 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது. தமிழில் 'மதியிறுக்கம்' என்றும் வழங்குகின்றனர். இதனை உடையோரில் சிலர் கூர்மதி படைத்தோர். சிலர்க்கு அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு உண்டு. இறுக்கம் மதியில் இல்லை. பிறரோடு பேசுதல், பிறர் குறிப்பறிதல், பழகிய ஒழுங்கு மாறும்போது தாங்கிக்கொள்ளுதல் ஆகியவற்றில்தான் இவர்கள் வேறுபடுகின்றனர். ஆகவே மூலச்சொல்லையே எழுதுவோரும் பலர். இவ்வுரையும் அவ்வாறே எழுதுகின்றது.

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இத்துறையின் வரலாறு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். அகப்பாடலில் கூற்று மறுக்கப்பட்ட 'நோயின் தன்மை அறிவோர்' இங்கே முதற்கூற்றுக்கு உரியவர் ஆயினர். அவர்களுட் சிலர் கூறியது கொடிது. பெற்றோரின், குறிப்பாகத் தாயின், அன்பற்ற குளிர்ந்த இயல்பே குழந்தையின் நிலைக்குக் காரணம் என்றனர். புருனோ பெட்டல்ஹெய்ம் இக்கருத்தை விரித்து 1967இல் நூலாக்கினார். பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர், தாமே ஆட்டிசம் உடைய மகனின் தந்தை, இது உடற்கூறு சார்ந்தது என்று 1964இலேயே வாதிட்டிருந்தார். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகியோர் இரட்டையரிடம் செய்த ஆய்வு, மரபணுவின் பங்கைப் புலப்படுத்தியது. தாய்மீது சுமத்தப்பட்ட பழி மெல்ல நீங்கியது.

இப்பழியே பெற்றோரை எழுதத் தூண்டியது. கிளாரா கிளைபோர்ன் பார்க் தம் மகளைப் பற்றி எழுதிய 'முற்றுகை' என்னும் நூல், பெட்டல்ஹெய்மின் நூல் வெளிவந்த அதே 1967இல் வெளிவந்தது. அன்பில்லாத தாய் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து பேசியது பெரிய செயல். ஆயினும் நோயறிவோர் ஒருபுறமும் பெற்றோர் மறுபுறமும் நின்று நிகழ்த்திய அந்த வழக்கில் உடன்பிறந்தார்க்கு இடம் இல்லை. 'மற்றைய குழந்தைகள் நன்றாகத்தானே வளர்கின்றனர்' என்று தாயின் பக்கம் காட்டப்படும் சான்றாக மட்டுமே அவர்கள் பயன்பட்டனர். சான்றாக நிற்கும் பிள்ளை தடுமாறக் கூடாது. தடுமாறினால் தாயின் வழக்கு தோற்றுவிடும். மூத்த பிள்ளைகள் பலர் 'நல்ல பிள்ளை'யாகவே வளர்ந்ததன் ஒரு காரணத்தை இங்கே காணலாம்.

தந்தையின் நாட்குறிப்பில் ஒரு மகன்

அமெரிக்க எழுத்தாளர் ஜாஷ் கிரீன்ஃபெல்ட் தம் இளைய மகன் நோவாவைப் பற்றிய நாட்குறிப்புகளை 1972இல் 'நோவா என்றொரு குழந்தை' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். 1978இல் இரண்டாம் நூலும், 1980களின் பிற்பகுதியில் மூன்றாம் நூலும் வந்தன. நோவாவின் தாய் ஃபூமிகோ கொமெதானி ஜப்பானிய எழுத்தாளர். அமெரிக்க யூதக் குடும்பத்தில் மணம்புரிந்து, மூளைக் குறைபாடுள்ள மகனை வளர்க்கும் ஜப்பானியப் பெண்ணைப் பற்றி அவர் எழுதிய 'பாஸ்கா' என்னும் கதை, 1985ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கான அகுதாகவா விருதைப் பெற்றது. ஆக, ஒரே வீட்டின் துயரை ஆங்கிலத்தில் தந்தையும் ஜப்பானிய மொழியில் தாயும் எழுதினர்.

அவ்வீட்டில் நோவாவுக்கு மூத்தவனாக மற்றொரு மகனும் இருந்தான். பெயர் கார்ல். தந்தையின் நாட்குறிப்புகளில் அவன் அடிக்கடி வருகின்றான். தம்பியால் தொல்லையுறுகின்றான், பெற்றோரின் கவனம் வேண்டி ஏங்குகின்றான், தம்பிக்குப் பயிற்சி தேடிக் குடும்பம் நியூயார்க் பகுதியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது உடன் செல்கின்றான். தந்தை அவனைப் புறக்கணித்தார் என்று கூற இயலாது. மூத்தவனுக்கு நேர்வதை எண்ணி அவர் வருந்தியதும் பதிவாகியுள்ளது. எனினும் அந்த வருத்தமும் தந்தையின் வருத்தமே. கார்ல் சொன்னவை, செய்தவை யாவும் கொண்டெடுத்து மொழியப்பட்டவை. ஒரு சிறுவனின் பிள்ளைப்பருவம் முழுவதும், அவன் இசைவைக் கேளாமலே, தம்பியின் கதைக்குத் துணைக்கதையாக அச்சேறிவிட்டது.

உடன்பிறந்தாரின் நிலையில் உள்ள முதற்சிக்கல் இதுவே. கொடுமை ஏதும் இழைக்கப்படுவதில்லை, அன்பும் குறைவதில்லை. ஆனால் வீட்டின் நேரம், பணம், உறக்கம், விருந்தோம்பல், விடுமுறை ஆகிய அனைத்தும் ஒருவரைச் சுற்றியே வகுக்கப்படும்போது, மற்றவர் தமக்கு ஒரு குறை உண்டு என்று சொல்வதே நாணத்தக்கதாகிவிடுகின்றது. பேசவே இயலாத தம்பி அருகில் இருக்க, பேச வாய்த்தவன் எதைப் பற்றி முறையிடுவான்? சினம் வந்தால் குற்றவுணர்வும் பின்னாலேயே வந்துவிடும். அவன் வளர்ந்து ஆளான பின்னரும் இவ்விரண்டும் அவனை விட்டு நீங்குவதில்லை.

இரவல் தந்த கூற்று

இரண்டாவது குடும்பம் ஜப்பானின் கென்சாபுரோ ஓஏயின் குடும்பம். அவருடைய மூத்த மகன் ஹிகாரி 1963இல் மண்டையோட்டில் பெருங்குறையோடு பிறந்தார். உயிர் பிழைக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, வலிப்பு ஆகியன நிலைத்தன. இந்நிலை ஆட்டிசம் என்னும் ஒரு பெயருக்குள் அடங்குவதன்று. ஆயினும் பேச்சின் அருமை, ஒழுங்கின்மேல் பற்று, ஒலிகளைப் பற்றிய வியத்தகு நினைவு ஆகியவற்றால் இவ்வீட்டின் கதை ஆட்டிசம் உடையோர் வீட்டின் கதைக்கு மிக அணுக்கமாக நிற்கின்றது. மனிதப் பேச்சுக்கு நெடுநாள் மறுமொழி தராத அக்குழந்தை பறவைக் குரல்களை இனங்கண்டு பெயர் சொல்லியதையும், பின்னர் இசையமைப்பாளராக வளர்ந்ததையும் ஓஏ தம் நோபல் பரிசுச் சொற்பொழிவிலும் எடுத்துரைத்தார். அப்பரிசு அவருக்கு 1994இல் வழங்கப்பெற்றது.

1964இல் வெளிவந்த 'தனிப்பட்ட விவகாரம்' தொடங்கி ஓஏ பல நூல்களில் தந்தையின் குரலிலேயே மகனைப் பற்றி எழுதினார். 1990இல் வெளியான 'அமைதியான வாழ்வு' அவ்வரிசையிலிருந்து மாறுபட்டது. இங்கே கதை சொல்பவள் தங்கை. அவள் பெயர் மா-சான். பிரெஞ்சு இலக்கியம் பயிலும் மாணவி. அண்ணன் ஈயோர், தம்பி ஓ-சான். எழுத்தாளராகிய தந்தை மனநெருக்கடி ஒன்றினால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒன்றிற்குச் செல்கின்றார். தாயும் உடன் செல்கின்றார். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பியையும், தொழிற்கூடத்திற்குச் சென்று வரும் அண்ணனையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மா-சான் தோள்மீது விழுகின்றது.

கதையின் தொடக்கத்திலேயே திருமணப் பேச்சு எழுகின்றது. தான் மணம்புரிந்தால் ஈயோரையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும், ஆகவே அண்ணனுக்கும் இடமுள்ள வீடு வைத்திருப்பவரே கணவராக வாய்க்கவேண்டும் என்று மா-சான் கணக்கிடுகின்றாள். அவ்வாறு செய்யுமாறு யாரும் அவளிடம் கேட்கவில்லை. யாரும் கேளாமலே அவள் அவ்வாறு எண்ணத் தலைப்பட்டாள் என்பதில்தான் கருத்து இருக்கின்றது. எவரும் ஆணையிடாமலே காவல் தன்னுடையது என்று ஓர் இளம்பெண் ஏற்றுக்கொண்டுவிட்டாள். நூலின் தலைப்பாகிய 'அமைதியான வாழ்வு' அவள் விரும்பும் அந்தச் சிறிய வீட்டின் வாழ்வே.

ஓஏ அவளை ஒரு தியாகப் பதுமையாக ஆக்கவில்லை. அக்கம்பக்கத்தில் சிறுமியரிடம் யாரோ தகாத முறையில் நடந்துகொள்வதாகச் செய்தி பரவும்போது, அது தன் அண்ணனாக இருக்குமோ என்று மா-சான் ஐயுறுகின்றாள். ஐயம் பொய்யென்று தெளிந்த பின்னும், ஐயுற்றதன் வெட்கம் அவளிடம் எஞ்சுகின்றது. உடன்பிறந்தார் பலர் அறிந்தும் வெளியிட அஞ்சும் உணர்வு இது. ஊரார் தம் அண்ணனைக் கண்டு அஞ்சுவது தவறு என்று அவர்களுக்குத் தெரியும். ஊராரின் கண்களோடு தாமும் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டதும் தெரியும்.

மற்றொரு நிகழ்ச்சி. ஈயோர் ஓர் இசைக்கோவைக்குக் 'கைவிடப்பட்ட குழந்தை' என்று தலைப்பிடுகின்றான். பெற்றோர் தன்னை விட்டுச் சென்றதாக அவன் எண்ணி வருந்துகின்றானோ என்று தங்கை கலங்குகின்றாள். அவனுடைய தொழிற்கூடத்தார் பூங்காவைத் துப்புரவு செய்யும் பணியோடும், அங்கே கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்த செய்தியோடும் அத்தலைப்பு தொடர்புடையது என்பது பிறகே விளங்குகின்றது. அத்தகைய குழந்தையைக் காப்பாற்றுவதே அவன் கருத்து. கைவிடப்பட்டவனாகத் தங்கை எண்ணிய அண்ணன், தன்னைக் காப்பாற்றுவோனாகவே எண்ணியிருக்கின்றான். இறுதிப் பகுதியில் நீச்சல் பயிற்சியாளன் ஒருவன் அவளிடம் வன்முறையில் இறங்கும்போது அவளுக்குத் துணையாக வருபவனும் ஈயோரே. காவலுக்கு இரு திசைகள் உண்டு என்பதை இந்நாவல் நிகழ்ச்சிகளின் வழியே காட்டுகின்றது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. தங்கையின் கூற்றாக அமைந்த இந்நூலை எழுதியவர் தந்தை. ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுவதைத் தமிழ் மரபு நன்கு அறியும். அதைக் குறை என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் தலைவி மரபின் படைப்பு. மா-சானின் இடத்தில் உண்மையான மகள் ஒருத்தி அவ்வீட்டில் வாழ்ந்தாள். தந்தை தந்த கூற்று மகள் தானே பேசியிருந்தால் பேசியிருக்கக்கூடியதா என்பதை வாசகர் அறிய இயலாது. ஓஏ இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு நூலிலேயே குறிப்பு உண்டு. மா-சான் தன் தந்தையின் எழுத்தையும், அவர் நெருக்கடியில் மகனை விட்டுச் சென்றதையும் ஐயத்தோடு நோக்குகின்றாள். நூலின் இறுதிப் பகுதிக்கு 'வீடாகிய நாட்குறிப்பு' என்று பெயர். கிரீன்ஃபெல்ட் வீட்டில் நாட்குறிப்பு தந்தையிடம் இருந்தது; ஓஏயின் நாவலில் அதை மகளின் கைக்கு அவர் மாற்றிக் கொடுத்தார். 1995இல் இந்நாவலைத் திரைப்படமாக்கிய ஜூசோ இதாமி, ஓஏயின் மனைவிக்கு உடன்பிறந்தவர். ஹிகாரியின் இசையே அப்படத்தில் ஒலித்தது. ஓஏ 2023இல் மறைந்தார்.

தமையனின் நேர்க்கூற்று

முன்னர்க் கண்ட கார்ல் வளர்ந்து எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆனார். ஜப்பானைப் பற்றியும் சீனாவில் பரவிய சார்ஸ் நோயைப் பற்றியும் நூல்கள் எழுதினார். தந்தையின் முதல் நூல் வெளிவந்து 37 ஆண்டுகள் கழித்து, 2009இல், தம்பியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதன் தலைப்பைத் 'தனித்த சிறுவன்' என்று தமிழாக்கலாம். தனித்தவன் யார்? தன்னுள் ஒடுங்கிய தம்பியா, தம்பி அருகிலிருந்தும் உடன்பிறந்தோன் இல்லாதவனாக வளர்ந்த அண்ணனா? தலைப்பு இருவர்க்கும் பொருந்துகின்றது.

இந்நூலில் கார்ல் தம்மை நல்லவராகக் காட்ட முயலவில்லை. இளமையில் போதைப் பழக்கத்தில் வீழ்ந்ததை மறைக்கவில்லை. தம்பிமீது கொண்ட வெறுப்பையும் அன்பையும் ஒன்றையொன்று தின்னாதவாறு அருகருகே வைக்கின்றார். அப்பாலும் ஒன்று செய்கின்றார். நூலின் பிற்பகுதியில் நோவா பேசத் தொடங்குவதாகவும், படிப்படியாகத் தேறி மற்றவர்போல் வாழ்வதாகவும் எழுதிச் செல்கின்றார். வாசகர் வியந்து மகிழ்ந்து உடன் செல்கின்றனர். பின்னர் அது நிகழவே இல்லை, தாம் புனைந்தது என்று கூறிவிடுகின்றார். உண்மையான நோவா தேறவில்லை. வீட்டிற்கு வெளியே பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெரியவர்.

தன்வரலாற்றில் பொய் புகலாமா என்று சிலர் கேட்கலாம். உடன்பிறந்தாரின் உள்ளத்தை அறிந்தோர் அதைப் பொய் என்று தள்ளமாட்டார். தம்பி பேசினால் எப்படிப் பேசுவான், இருவரும் சண்டையிட்டால் எதைப் பற்றிச் சண்டையிடுவார்கள், பெற்றோரைப் பற்றித் தனியே என்ன பேசிச் சிரிப்பார்கள் என்று அண்ணன் தன் வாழ்நாள் முழுவதும் உள்ளுக்குள் எழுதிவந்த மற்றொரு நூல் அது. பெற்றோரின் நூல்கள் குழந்தைக்கு நேர்ந்ததைப் பதிவு செய்தன. நிகழாமற் போனதைப் பதிவு செய்ய உடன்பிறந்தோன் வரவேண்டியிருந்தது. அண்ணன் தம்பி என்னும் உறவில் கிடைக்கவேண்டியது கிடைக்காமையே அவன் இழப்பு. உயிரோடு இருப்பவரைக் குறித்த இழப்பாதலால் அதற்கு இரங்கல் முறையும் இல்லை. துக்கம் விசாரிப்பாரும் இல்லை.

ஆய்வுகள் காட்டுவன

இலக்கியம் ஒருவரைக் காட்டும். பலரின் நிலையை அறிய ஆய்வுகளே துணை. கேல் ஆர்ஸ்மண்ட், மார்ஷா மெய்லிக் செல்ட்சர் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு குறிப்பிடத்தக்கது. வயதுவந்த உடன்பிறந்தாரில் ஆட்டிசம் உடையோரின் உடன்பிறந்தார் 77 பேரையும், டவுன் கூட்டறிகுறி உடையோரின் உடன்பிறந்தார் 77 பேரையும் அவ்வாய்வு ஒப்பிட்டது. ஆட்டிசம் உடையோரின் உடன்பிறந்தார்க்கு அவர்களோடு தொடர்பு குறைவாக இருந்தது. உறவில் கனிவும் குறைவாக உணரப்பட்டது. உடன்பிறந்தாரின் எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மை மிகுதியாக இருந்தது. பெற்றோரோடு தங்கள் உறவும் பாதிக்கப்பட்டதாக அவர்களே மிகுதியாகக் கூறினர்.

இதைக் கொண்டு அவர்கள் அன்பற்றோர் என்று முடிவு செய்தல் கூடாது. அன்பு நிலைப்பதற்கு மறுமொழி தேவை. கேட்டால் முகம் திரும்புதல், வந்தால் சிரித்தல், பிரிந்தால் தேடுதல் ஆகிய சிறு குறிகளால் உடன்பிறப்பு உறவு பின்னப்படுகின்றது. அக்குறிகள் வேறு மொழியில் வரும்போது, அம்மொழியைக் கற்றுத் தருவார் இல்லையேல், சிறுவயதில் விழுந்த இடைவெளி முதுமைவரை நீளக்கூடும். சிக்கலைக் கண்டு ஒதுங்காமல் அதைத் தீர்க்க வழி தேடும் இயல்புடையோரிடத்து உறவு நன்றாக இருந்தது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. அவ்வியல்பு கற்பிக்கத்தக்கது.

குறைபாடுடையோரின் உடன்பிறந்தார் பலரிடம் ஹோடாப் முதலியோர் அமெரிக்காவில் நடத்தி 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சகோதரியர், சகோதரரைவிட நெருங்கிய உறவு பேணினர். அத்தகைய பெண்கள் பொது மக்களோடு ஒப்பிட, சற்றுக் காலம் தாழ்ந்து மணந்தனர். காலம் தாழ்ந்து குழந்தை பெற்றனர். மணமுறிவு குறைவாக இருந்தது. பெரும்பாலோர் உடல்நலத்தோடும் உளநலத்தோடும் இருந்தனர். ஆட்டிசம் உடையவரோடு பிறந்தார் வாழ்வு சிதையும் என்னும் அச்சத்துக்கும், அவர்களெல்லாம் பண்பிற் சிறந்த தியாகிகளாக மலர்வர் என்னும் புகழுரைக்கும் ஆய்வுகள் இடந்தரவில்லை.

இன்னொரு கவலை உடலைப் பற்றியது. ஆட்டிசம் உடைய குழந்தைக்குப் பின் பிறந்த 664 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், 18.7 விழுக்காட்டினர்க்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்தது. 2024இல் வெளியான விரிவான ஆய்வில் இது 20.2 விழுக்காடு. ஐவரில் ஒருவர்க்கு இருக்கலாம் என்றால் ஐவரில் நால்வர்க்கு இல்லை என்பதும் உண்மை. உடன்பிறந்தோர் சிலர் தாமும் அவ்வியல்பு உடையவர் என்பதை நடுவயதில் அறிகின்றனர். தமக்குப் பிறக்கும் குழந்தை எவ்வாறிருக்குமோ என்னும் அச்சத்தைத் தம் பெற்றோரிடம் கூற இயலாமல் தவிப்போரும் உளர். கூறினால், 'உன் தம்பியைப் போல் ஒரு பிள்ளை வேண்டாம்' என்று கூறியதாக ஆகிவிடும் அன்றோ!

மறைக்கப்பட்ட உடன்பிறந்தோன்

1988இல் வெளிவந்து நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'ரெயின் மேன்' திரைப்படத்தைப் பார்த்தோர் பலர் இருப்பர். அதில் இளையவன் சார்லிக்குத் தனக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதே தந்தை இறந்த பிறகுதான் தெரிகின்றது. குழந்தைப்பருவக் கற்பனை என்று அவன் எண்ணியிருந்த உருவம் உண்மையான அண்ணனாக இருந்தான். அண்ணனின் எண் திறமையைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். படத்தின் ஆழமான துயரோ, தம்பிக்கு உடன்பிறந்தோனையே மறைத்த தந்தையின் முடிவில் உள்ளது. இளையவனைக் காப்பதாக எண்ணி அவன் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பறித்துவிட்டனர்.

மறைத்தல் தமிழ் வீடுகளுக்கும் புதிதன்று. பெண் பார்க்க வரும் நாளில் தம்பியை உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவதும், அழைப்பிதழில் ஒரு பெயர் விடுபடுவதும் அறியாதன அல்ல. 'குடும்பத்தில் இப்படி ஒருவர்' என்று வரன் தட்டிப்போவதும் உண்டு. இதன் மறுபுறத்தில் மற்றொரு பேச்சு நிகழ்கின்றது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?" என்று பெற்றோர் கலங்குவர். "அதுதான் அக்கா இருக்கிறாளே" என்று உறவினர் தேற்றுவர். அக்காள் அங்கேயே காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள். மறைக்கும்போதும் அவளைக் கேட்பதில்லை, ஒப்படைக்கும்போதும் கேட்பதில்லை.

சட்டம் ஓரளவு வழி செய்துள்ளது. ஆட்டிசம், பெருமூளை வாதம் முதலியவற்றை உடையோரின் நலத்துக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. அதன்படி 18 வயது கடந்தவர்க்குக் காப்பாளரை நியமிக்கப் பெற்றோரோ உறவினரோ மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்ததோடு, காப்பாளர் தனித்து முடிவெடுக்காமல் உரியவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புடைய காப்பு முறையையும் வகுத்தது. சட்டம் காப்பாளரை நியமிக்கும். பொறுப்பில் எவ்வளவை மனமுவந்து ஏற்க முடியும், எதை ஏற்க முடியாது என்று உடன்பிறந்தவரைக் கேட்டு அறிவது குடும்பத்தின் கடமை. ஒரு சகோதரி, 'வாரந்தோறும் வந்து பார்ப்பேன். பணத்தையும் மருத்துவத்தையும் கவனிப்பேன். ஆனால் என் வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது' என்று கூறினால், அதுவும் நேர்மையான காவலே. அதைக் கூறும் உரிமை கிடைக்காதபோது அவள் முழுதும் ஏற்று உள்ளுக்குள் புழுங்குவாள். அல்லது முழுதும் விலகித் தொலைவில் குடியேறுவாள். ஆய்வில் கண்ட தொடர்பின்மையின் ஒரு வேர் இங்கே இருக்கலாம்.

அமெரிக்காவில் டான் மேயர் 1980களில் தொடங்கிய, உடன்பிறந்த சிறார்க்கான கூடல்கள் எளிய உண்மை ஒன்றைக் கண்டன. தம்மைப் போன்ற மற்றொரு சிறுவனைச் சந்தித்து, விளையாடி, வீட்டில் நடப்பதை வெட்கமின்றிச் சொல்லிச் சிரிக்க வாய்ப்பளிப்பதே பெரும் உதவி. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறப்புப் பள்ளிகள் ஆண்டுக்கு இருமுறை உடன்பிறந்தாரை அழைத்து அமரச் செய்தாலே தொடக்கம் ஆகிவிடும்.

கவிஞர்க்கு

தாய்மையைப் பாடிய தமிழ்க் கவிதை உடன்பிறப்பை அவ்வளவு பாடவில்லை. பாடியவிடத்தும் தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்னும் பெருமிதத்தோடு நின்றது. தம்பியைத் துணையாகக் கொள்ளாமல், தம்பிக்கு வாழ்நாள் துணையாக நிற்கும் அண்ணனின் அச்சத்தை அப்பழமொழி அறியாது. ஆட்டிசம் உடைய குழந்தையைப் பற்றி எழுத முற்படும் கவிஞர் பலர் தாயின் கண்ணீரிலேயே தொடங்கி, தெய்வக் குழந்தை என்னும் உருவகத்தில் முடித்துவிடுகின்றனர். அதே அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் மற்றொரு குழந்தையின் பக்கம் பார்வை செல்வதில்லை.

இதில் எச்சரிக்கை ஒன்றும் தேவை. உடன்பிறந்தார்க்குக் கூற்று வேண்டும் என்பது, ஆட்டிசம் உடையவரின் கூற்றைப் பறிப்பதாக ஆகிவிடக் கூடாது. அகப்பாடலில் தலைவிக்குத் தன் கூற்று உண்டு. இங்கோ கதையின் நடுவில் இருப்பவரே நெடுங்காலம் பேச்சற்றவராகக் கருதப்பட்டார். டெம்பிள் கிராண்டின் 1986இலும், டோனா வில்லியம்ஸ் 1992இலும் தம் வரலாற்றைத் தாமே எழுதி அக்கருத்தை மாற்றினர். ஈயோர் தன் இசைக்கோவைக்கு இட்ட தலைப்பும் ஒரு கூற்றே. தங்கை அதைத் தன் அச்சத்தின் வழியே தவறாகப் படித்தாள், பிறகு அவனிடமிருந்தே சரியாக அறிந்தாள். உடன்பிறந்தார் எழுதும் எழுத்துக்கு இது நல்ல இலக்கணம். தன் அச்சத்தையும் எழுதவேண்டும்; அது தன் அச்சம் என்று தெரிந்தும் எழுதவேண்டும்.

முடிவாக ஒன்று. பெற்றோர் இல்லாத காலத்திலும் நீடிக்கக்கூடிய உறவு உடன்பிறப்பு. ஐம்பது அறுபது ஆண்டுகள் தொடரக்கூடிய அவ்வுறவில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவோர், அவர்க்குரிய கூற்றையும் தரவேண்டும். இந்த அவையிலும் அத்தகைய அக்காளோ தம்பியோ அமர்ந்திருக்கக்கூடும். வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அவர்கள் எழுதிய கவிதைகள் இம்மேடையில் படிக்கப்படுமானால், தொல்காப்பியர் விதித்த எல்லைக்கு வெளியே நின்ற 'தன்னை' தமிழில் தன் கூற்றைத் தொடங்கியதாகக் கொள்ளலாம்.